பாடாலூர் தாண்டிடுச்சு

அந்த மே மாதத்தில் மூச்சின் விலை நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய். முன்பணம் தனி, வண்டி வாடகை தனி. அதுவரை ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்த சரக்கு என்பதால் யாரும் விலை விசாரித்ததில்லை. விசாரிக்க வேண்டி வந்தபோது எல்லாருக்கும் கூடுதலாகவே பட்டது. எண்ணூறு என்றதும் எதிர்முனையில் பேச்சு கொஞ்சம் நிற்கும். நிற்கிற அளவை வைத்தே ஆள் வாங்குவாரா, சும்மா விசாரிக்கிறாரா என்று அரியலூர்க் கடைத்தெருவில் பிறந்த யாரும் சொல்லிவிடுவார்கள். வினோதினி அங்கே பிறந்தவள்தான்.

அவள் அப்பா அரங்கநாதனுக்குப் பாத்திரக்கடை. ஊரடங்கில் மளிகைக்கும் மருந்துக்கும் நேரம் ஒதுக்கிய சர்க்கார் அண்டாவுக்கும் குண்டாவுக்கும் ஒதுக்கவில்லை. கல்யாணம் நின்றால் சீர்வரிசை நிற்கும். சீர்வரிசை நின்றால் குடமும் குத்துவிளக்கும் வாங்கின விலைக்கே அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பித்தளை பேசாது. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் பேசுவார்கள். அதனால்தான் பி.காம். முடித்துவிட்டுக் கடைக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த வினோதினி வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

சென்னையில் ஒரு கம்பெனி. ஆக்சிஜன் மெஷினை வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். அவர்களுக்கு வருகிற போனை எடுத்துப் பேச வேண்டும். நேர்முகத் தேர்வு போனிலேயே நடந்தது. லேப்டாப் கூரியரில் வந்தது. பயிற்சியும் திரையிலேயே முடிந்தது. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரு வட்டமும் அதற்குள் ஓர் எழுத்துமாக இருந்தார்கள். மேலே இருக்கிறவர் பெயர் முத்தமிழ்செல்வன். அவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, இருமலைத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு விஷயத்தை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திரையில் ஊர்ப் பெயருக்கு எதிரே பச்சை இருந்தால் மெஷின் உண்டு. மஞ்சள் இருந்தால் வர வேண்டியது, அதாவது இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுப் பெயரைப் பதிந்துகொண்டு அடுத்த போனை எடுக்க வேண்டும். வினோதினி தலையாட்டிக்கொண்டாள். புரியாத விஷயமில்லை.

புரிவது வேறு, வாயில் வருவது வேறு. அரங்கநாதன் கடையில் 'இல்லை' என்ற சொல் புழக்கத்தில் கிடையாது. ஒருத்தர் வந்து இந்த அளவில் தேக்சா இருக்கா என்று கேட்டால், கடையில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தே வருஷமாகியிருந்தாலும், "குடோன்ல இருக்கு, செத்த உக்காருங்க" என்பார். டீ வரும். டீ தீர்வதற்குள் பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஆள் போய் அந்தத் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இங்கே ஆள் அனுப்புவார். கும்பகோணத்திலிருந்து வர வேண்டிய சரக்கு தாமதமானாலும் இதே கதைதான். கேட்டவருக்கெல்லாம் "லாரி கீழப்பழுவூர் தாண்டிடுச்சு" என்று சொல்லப்படும். கும்பகோணத்தில் இன்னும் மூட்டையே கட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கடைக்காக எத்தனை லாரிகள் கீழப்பழுவூரைத் தாண்டியிருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால் அந்த ஊர் வழியாக வேறு வண்டியே போயிருக்க முடியாது. ஆனால் இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. சொன்ன சரக்கு எப்படியோ வந்துவிடும். சொல் முன்னால் போகும், சரக்கு பின்னால் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. நாளின் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. நஷ்டத்துக்கு ஒரு கரண்டியாவது கொடுத்துப் போணி பண்ணிவிட வேண்டும்.

வீட்டுக்குள் சிக்னல் எடுக்கவில்லை. தெருவை ஒட்டிய கடைக்குள்தான் எடுத்தது. அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்பாவின் கல்லா மேசையிலேயே லேப்டாப்பை வைத்தார்கள். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். அரங்கநாதன் டம்ளர் அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மகள் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எதிர்முனைப் பேச்சு அவருக்குக் கேட்காது. ஆனால் ஒரு பக்கப் பேச்சைக் கேட்டே முழு வியாபாரத்தையும் புரிந்துகொள்கிற காது அவருடையது.

காலையில் முதல் போன் வந்தது. பேசியவர் செல்லதுரை, வேப்பந்தட்டைப் பக்கம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற சம்சாரி. அவர் மனைவி மருதாயிக்குக் காய்ச்சல் விட்டும் மூச்சுத் திணறல் விடவில்லையாம். போன ஆஸ்பத்திரியிலெல்லாம் கட்டில் இல்லை என்று வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்களாம். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் எண் இறங்கிக்கொண்டே போகிறதாம். இதையெல்லாம் அவர் பதறாமல், ஆடு தொலைந்த அடையாளம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

விலையைச் சொன்னாள்.

"எண்ணூறா? ரெண்டு ஆள் கூலியாச்சே பாப்பா."

"ஆளு சாயங்காலம் வூட்டுக்குப் போயிடும்ங்க. இது ராவும் பகலும் நிக்காம வேலை செய்யும்."

அவர் சிரித்தார். இந்தப் பக்கம் அரங்கநாதன் சத்தமில்லாமல் தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு செல்லதுரை வண்டி வாடகையையாவது விடச் சொன்னார். வாடகையைக் குறைக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்த கை தானாக இறங்கிவந்தது. தன் சம்பளத்தில் போட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்தாள்.

"சரிங்க, வண்டி வாடகை வேணாம். இன்னிக்கு மொத ஆளு நீங்க."

"அட, போணியா? அப்ப ராசியாத்தான் இருக்கும்."

அதற்கப்புறம்தான் அவள் திரையில் ஊரைத் தட்டினாள். திருச்சிக் கிடங்கு மஞ்சள். சேலம் மஞ்சள். அவள் விரல் நின்றுவிட்டது.

அந்த மௌனத்தை அவரும் கவனித்தார். கேட்கிறவரும் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்தானே.

"இருக்கில்ல தாயி? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, ஒண்ணும் தப்பில்ல. ஆத்தூர்ல ஒருத்தரு சிலிண்டர் தரேங்கிறாரு. கொள்ளை வெலை கேக்கிறாரு, அது கெடக்கட்டும். மத்தியானத்துக்குள்ள சொல்லலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்."

வினோதினி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். ஆத்தூர்ச் சங்கதி அவர் காதில் விழவில்லை. முதல் நாள், முதல் ஆள், மகள் தயங்குகிறாள், அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது. உள்ளங்கையைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து மெல்ல அழுத்திக் காட்டினார். உட்கார வை என்று அர்த்தம். அவள் நடை பழகிய நாளிலிருந்து பார்த்த ஜாடை.

"இருக்குங்க. வந்துக்கிட்டிருக்கு. ஆத்தூரெல்லாம் எதுக்கு?"

கூடவே தன் சொந்த நம்பரையும் கொடுத்தாள். அதைச் செய்யக்கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஆனால் வாடிக்கையாளரை எவனோ ஒருவனிடம் விட்டுவிடுகிற பழக்கம் கடைத்தெருவில் கிடையாது.

போனை வைத்ததும் அவள் செய்த முதல் காரியம் பின்வாசல் வழியாக ஓடியதுதான். இந்த வேலைக்குப் பின்வாசல் கம்பெனிக் குழுதான். அதில் எழுதினாள்: வேப்பந்தட்டைக்கு அவசரமாக ஒரு மெஷின் வேண்டும், யார் கையிலாவது இருக்கிறதா? ஒரு வட்டம் அவளை வரவேற்றுப் பூங்கொத்துப் படம் அனுப்பியது. இன்னொரு வட்டம் கட்டைவிரலைக் காட்டியது. சேலத்தில் திரும்பி வந்திருக்கிற ஒன்றை யாரோ ஏற்கெனவே வேறொருவர் பெயருக்குப் பதிந்துவிட்டிருந்தார்கள். பதிந்தவர் யார் என்று தெரிந்தால் கையைக் காலைப் பிடிக்கலாம். அதற்கு அந்த வட்டத்துக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டாள். நெடுநேரம் இருமிவிட்டுச் சொன்னார்: "இருக்குன்னு எதுக்கும்மா சொன்னீங்க? எங்க வூட்லயே ரெண்டு பேர் படுத்திருக்காங்க, நமக்கே ஒண்ணு எடுக்க முடியல. அவருக்கு உடனே கூப்பிட்டு இல்லன்னு சொல்லிடுங்க."

அப்போது மத்தியானம் ஆகவில்லை. அதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. மத்தியானம் ஆக நேரமிருந்தது. ஆனால் கடைத்தெருவின் மகளுக்கு அந்த நேரம் வேறு மாதிரி தெரிந்தது. இன்னும் டீ தீரவில்லை என்று தோன்றியது. வந்த போன்களை எடுத்துக்கொண்டே திருச்சியில் தெரிந்த பாத்திர மொத்த வியாபாரி, அவருக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர், அவருடைய மச்சினன் என்று ஒவ்வொருவராகத் துழாவினாள். அரங்கநாதனும் தன் போனை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை பேசினார். அண்டா கேட்டிருந்தால் லாரியே வந்திருக்கும். மெஷின் என்றதும் எல்லாரும் மரியாதையாக விசாரித்துவிட்டு வைத்தார்கள். அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே கடை. பக்கத்துக் கடை என்று ஒன்று இல்லவே இல்லை.

உச்சி வேளையில் செல்லதுரை கூப்பிட்டார்.

"வண்டி எங்க வருது பாப்பா? ஆத்தூர்க்காரரு கடைசியா கேக்கிறாரு."

அரங்கநாதன் தன் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். இந்த முறை ஜாடை காட்ட ஆளில்லை. யாரும் சொல்லாமல், எடுத்து வைத்த சரக்குபோல, அவள் வாயிலிருந்து வந்தது.

"பாடாலூர் தாண்டிடுச்சுங்க."

திருச்சியிலிருந்து பெரம்பலூர் வழியாக வேப்பந்தட்டைக்குப் போகிற வண்டி தாண்ட வேண்டிய ஊர்தான். பொய்யில் வழி தப்பவில்லை.

"நல்லது தாயி. அப்ப ஆத்தூர்க்காரருக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்று அவர் வைத்துவிட்டார். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த போன் வந்துவிட்டது. அந்த வேலையில் அது ஒரு வசதி. எதையும் நினைத்து முடிப்பதற்குள் அடுத்தவர் மூச்சு முட்டிக்கொண்டு வருவார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவளுடைய சொந்த நம்பர் அடித்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நின்று மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"பாப்பா, நான் செல்லதுரை. வண்டி எங்க வந்திருந்தாலும் திருப்பி விட்டுடும்மா. அவ போயிட்டா."

பின்னால் பெண்களின் அழுகை கேட்டது. அவர் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"மெஷினு தேவையானவங்க வேற யாருக்காச்சும் ஆவும். நம்ம வூட்டுக்குன்னு வந்துட்டு அது வீணா நிக்கக்கூடாது. அப்பறம், வண்டி வாடகை வேணாம்னு சொன்ன பாரு, அது வியாபாரம் படிஞ்சா. இப்பப் படியலயில்ல. வெறும் வண்டியா திரும்பிப் போற டிரைவருக்கு நான் குடுத்துடறேன். யாருகிட்ட குடுக்கணும்னு மட்டும் சொல்லிடு."

"சரிங்க," என்றாள் வினோதினி. ஷட்டருக்குக் கீழே தெரிந்த வெயில் சுருங்கிக்கொண்டே போனது. அரங்கநாதன் யார் என்று கேட்டார். சொன்னாள். ஆத்தூரையும் சேர்த்துச் சொன்னாள். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, அடுக்கிவைத்த டம்ளர்களை இறக்கி மறுபடியும் அடுக்கத் தொடங்கினார். இருட்டும் வரை அதையே செய்தார்.

மறுநாளிலிருந்து வினோதினி இல்லை என்று சொல்லப் பழகினாள். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே திரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். மஞ்சள் என்றால் விலை சொல்வதில்லை, பேரம் பேசவிடுவதில்லை, சிரிக்கவிடுவதில்லை. "இல்லைங்க, இங்க கெடைக்காது, உடனே வேற எடம் பாருங்க." திட்டினார்கள். ஒரு அம்மாள் சாபம் கொடுத்தாள். இவளுக்கு அதெல்லாம் நல்ல காசுபோல இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டாள். பேசுகிற தோரணை கடுமையாக இருக்கிறது, வாடிக்கையாளரைத் தக்கவைக்கத் தெரியவில்லை என்று கம்பெனி மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முதல் நாளுக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். செல்லதுரையோடு பேசியதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டலாமா என்றுகூட ஒரு வட்டம் கேட்டது. முத்தமிழ்செல்வன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் அவர் வீட்டில் படுத்திருந்தவர்களில் ஒருவர் குறைந்திருந்தார்.

செல்லதுரை இரண்டொரு முறை கூப்பிட்டார், வாடகையை யாரிடம் கொடுப்பது என்று கேட்கத்தான். அவள் எடுக்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் வேப்பந்தட்டைக்குப் போய்வருகிறேன் என்றாள். அரங்கநாதனுக்கு இஷ்டமில்லை. வியாபாரத்தில் நாலு வார்த்தை முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், அந்த மனுஷன் வண்டி வந்ததாகவே நினைத்துக்கொண்டு போகட்டும், அவருக்கு அது ஆறுதல், அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும் என்று பேசிப் பார்த்தார். பேச்சில் அவர் எப்போதும் ஜெயிப்பவர். அன்றைக்கு மகள் வண்டிச் சாவியை எடுத்தாள். வாசல் வரை வந்தவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவரு வாடகையை நீட்டினா வாங்கிடாத, வினோ."

பெரம்பலூரைத் தாண்டி மேற்கே திரும்பியதும் மலை தெரிந்தது. ஸ்கூட்டரில் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடிகிற தூரம்தான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

செல்லதுரை வீட்டுக்குப் போகிற சந்து குறுகல். ஆனால் இரண்டு பக்கமும் முள்ளை வெட்டி, கல்லைப் புரட்டி ஒதுக்கியிருந்தது. வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மெலிந்த மனிதர். பேசியபோது தோன்றியதைவிட வயது குறைவு. தலை மழித்திருந்தது, முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. யாருங்க என்றார். அவள் "அரியலூர்லேருந்து வரேங்க" என்று சொன்னதுமே குரலைப் பிடித்துவிட்டார்.

"மெஷினு பாப்பாவா? அடடா, இதுக்காக இம்மாந்தூரம் வந்தியா? போன்லயே பணத்தை அனுப்பிச்சிருப்பேனே."

உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடிப்பதற்குள் உள்ளே போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து, அதிலிருந்து மடித்த நோட்டுகளை உருவினார். பத்திரப்படுத்தி வைத்த மடிப்பு. நீட்டினார்.

"டிரைவர் கோச்சுக்கிட்டாரா?"

"வண்டி கெளம்பவே இல்லீங்க," என்றாள் வினோதினி. "மெஷினே இல்ல. நான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"பாடாலூர்னியே."

"சும்மா சொன்னேங்க."

அவர் திட்டவில்லை, கத்தவில்லை. சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு அந்த வெட்டிய முள்ளும் ஒதுக்கிய கல்லும் என்னவென்று புரிந்தது. வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று செய்தது. தம்பியை மெயின் ரோட்டில் துண்டோடு நிறுத்தியிருந்ததாக அவர் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் அவன் போகிற வெள்ளை வண்டிக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே நின்றானாம்.

பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "அவ கேட்டுக்கிட்டே இருந்தா. பாடாலூர் தாண்டிடுச்சுன்னு சொன்னேன். அப்பறமும் கேட்டா. நானா பெரம்பலூர் வந்துடுச்சுன்னேன். பேச்சு நின்ன பொறவு கண்ணால கேட்டா. சந்து முக்குல திரும்புதுன்னு சொன்னேன். காதைத் தீட்டிக்கிட்டே போனா."

வினோதினி அழுதாள். அவர் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். எண்ணாமல் மடிப்பு கலையாமல் கவருக்குள் வைத்தார்.

"அப்ப இது ஆத்தூருக்குப் போயிருக்க வேண்டிய காசு."

அதற்கு மேல் பேரமில்லை. ஏதாவது கேட்பார், குறைப்பார், கூட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். மன்னித்தேன் என்று சொன்னால் வாங்கிக்கொண்டு போகலாம். நாசமாய்ப் போ என்றால் அதையும் வாங்கிக்கொண்டு போகலாம். அவர் இரண்டையும் தரவில்லை. மேற்கே மலையில் மேகம் கட்டியிருப்பதைக் காட்டி, சோளத்தை அள்ள வேண்டும், நீயும் மழைக்கு முன்னால் போய்ச் சேர் என்றார். சோளம் அள்ள அவளும் குனிந்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது கடையில் ஒரு கூட்டம் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்ட உயரத்தில் கடையில் விளக்கு இல்லை. அரங்கநாதன் உள்ளே வந்த மகளைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார், "அந்த அளவு நம்மகிட்ட இல்லீங்க, நாலு கடை தள்ளிக் கேட்டுப் பாருங்க" என்றார். அவர்கள் எழுந்து போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன அண்ணே, வியாபாரத்தை விட்டுட்டீங்களா என்று சிரித்தார். அரங்கநாதன் சிரிக்கவில்லை. கூட்டம் போனதும், வாங்கினியா என்று மட்டும் மகளைக் கேட்டார். இல்லை என்றாள்.

வினோதினி கல்லா மேசையில் உட்கார்ந்து மனசுக்குள் கணக்கை முடித்துப் பார்த்தாள். வண்டி வாடகை: அவர் தரவில்லை, இவள் வாங்கவில்லை, நேர். மெஷின்: போகவும் இல்லை, திரும்பவும் இல்லை, நேர். இல்லை என்ற சொல் ஒன்று: ஒரு காலைப்பொழுதில் செல்லதுரைக்குத் தந்திருக்க வேண்டியது. கெடு தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவர் வரவு வைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் யார் யாருக்கோ சொன்ன இல்லைகள் எல்லாம் வட்டிக் கணக்கில் சேரும். அசல் நிலுவை.